இசக்கி எனக்கு ‘ங்க’ போட்டான்

1

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் க்ராவ்ஸ் அம்மையார் போன மார்ச் மாதம் எனக்கு ஒரு ‘நீ’ கொடுத்தார்.

லேசில் கொடுத்துவிடவில்லை. பதினொரு வருடம் ஆனது. இந்த ஜெர்மன் சிற்றூருக்கு நாங்கள் குடிவந்த நாளிலிருந்து மாடிப்படியில் பார்த்தால் ஒரு வணக்கம், குப்பைத் தொட்டிப் பக்கம் பார்த்தால் ஒரு வணக்கம், அவ்வளவுதான். திடீரென்று ஒருநாள் எங்கள் தபால்பெட்டியில் ஓர் அட்டை கிடந்தது. வருகிற சனிக்கிழமை அல்ல, அதற்கடுத்த சனிக்கிழமை, மாலை மூன்றரை மணிக்குக் காபி குடிக்க வர இயலுமா என்று கேட்டிருந்தார். எங்கள் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்குப் பதினாறு படி. அதற்குப் பத்து நாள் முன்னறிவிப்பு.

போனோம். பிளம்ஸ் பழம் போட்ட கேக் இருந்தது, காபி இருந்தது, நடுவில் நிறைய மௌனம் இருந்தது. இரண்டாவது கோப்பை முடிந்ததும் அம்மையார் எழுந்து நின்றார். ஏதோ தேசிய கீதம் பாடப்போகிறார் என்று நினைத்து நானும் என் மனைவி கவிதாவும் எழுந்து நின்றோம். அவர் கையை நீட்டி, “நான் ஹெல்கா” என்றார். இனிமேல் நாங்கள் அவரை ‘டூ’ என்று அழைக்கலாம் என்று அதற்கு அர்த்தம்.

ஜெர்மன் மொழியில் ‘டூ’ என்றால் நீ. ‘ஸீ’ என்றால் நீங்கள். அலுவலகம், கடை, பக்கத்து வீடு எல்லாவற்றுக்கும் ‘ஸீ’தான். ‘டூ’ என்பது வயதில் பெரியவர் பார்த்துக் கொடுக்கவேண்டியது. நாமாக எடுத்துக்கொள்ள முடியாது. வந்த புதிதில் விசா அலுவலகத்து அம்மாவிடம் வாய்தவறி ‘டூ’ என்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, “நாம் ஏற்கெனவே அறிமுகமானவர்களா?” என்று கேட்டார். பண்பொழி மலையேறி முருகனையே நீ, வா, போ என்று பேசி வளர்ந்தவன் நான். அந்த அம்மாவுக்கு அதை எப்படி விளக்குவது?

காபி முடிந்து படியேறும்போது கவிதா, “வாழ்த்துகள், பிரமோஷன் கிடைச்சிருக்கு” என்று கிண்டல் செய்தாள். எனக்கும் உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த சனிக்கிழமையே அந்தப் பெருமை மண்ணாய்ப் போனது.

2

சனிக்கிழமைகளில் சொந்த ஊரான தென்காசிக்குப் பேசுவது எங்கள் வீட்டு வழக்கம். முதலில் அம்மா, பிறகு இசக்கிமுத்து. ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததிலிருந்து எனக்கு அவன், அவனுக்கு நான். இலஞ்சி போகிற வழியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறான். சுந்தரபாண்டியபுரத்திலிருந்தும் ராயகிரியிலிருந்தும் உள்ளே கம்பிச்சுருள் எரிந்துபோன பம்புசெட் மோட்டார்களைக் கொண்டுவந்து கடை வாசலில் இறக்கிவிட்டு, அவன் எப்போது கட்டித் தருவான் என்று விவசாயிகள் டீ குடித்துக்கொண்டு நிற்பார்கள்.

அன்றைக்கு என் மகள் யாழினிதான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வயது. தமிழ் பேசுவாள், ஆனால் மரியாதை எல்லாம் அவள் தமிழில் ஒட்டவே இல்லை. “இசக்கி மாமா, நீ சாப்ட்டியா?” என்றாள்.

“சாப்ட்டேன் ஏட்டி. நீ என்ன சாப்ட்ட?” என்று சிரித்தான் அவன்.

பிறகு போன் என் கைக்கு வந்தது. “சொல்லுங்க, நல்லா இருக்கியளா? அங்கன குளிரு எப்படி?” என்றான். ஐந்து நிமிடம் பேசினோம். வைத்தோம்.

யாழினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்பா, மாமா எனக்கு ‘டூ’ சொல்றான். உனக்கு ஏன் ‘ஸீ’ சொல்றான்? நீங்க ரெண்டு பேரும் ஃப்ரெண்ட்ஸ் இல்லையா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவ்வளவு நாளும் அந்த ‘ங்க’ என் காதில் விழாமல் இல்லை. விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று முதலில் நினைத்தேன். பிறகு நினைப்பதையே விட்டுவிட்டேன். நாள் முழுக்க ‘ஸீ’ கேட்கிற காது மரத்துப்போயிருக்கிறது. தமிழ் அரைகுறையாகத் தெரிந்த ஒரு பெண் சொல்லித்தான் என் சிநேகிதன் என்னைவிட்டுத் தள்ளிப் போயிருப்பது எனக்குத் தெரியவேண்டியிருந்தது.

3

நம் பக்கத்துப் பேச்சைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஜெர்மன்காரர்களுக்கு இரண்டு படி என்றால் நமக்கு மூன்று. உயிருக்குயிரானவன் ‘லே’: “என்னலே செய்யுத?” சிநேகிதன்தான், ஆனால் கொஞ்சம் கௌரவமான ஆள் என்றால் ‘வே’: “என்னவே செய்யுதீரு?” மாமனார், மேனேஜர், கடன் கேட்கப்போன இடத்து ஆள் எல்லாம் ‘ங்க’. தென்காசிக்காரன் ஒருவனுக்கு ‘லே’ போடுகிறான் என்றால் அவன் வீட்டு அடுக்களை வரைக்கும் போக இவனுக்கு உரிமை உண்டு என்று எடுத்துக்கொள்ளலாம்.

இசக்கிக்கு அந்த உரிமை இருந்தது. பயன்படுத்தவும் செய்தான். தெருமுனையில் வரும்போதே “ஏலே சம்முவம்” என்ற குரல் வந்துவிடும். சண்முகம் என்று என் பெயரை முழுசாகச் சொல்ல அவனுக்கு அன்றும் வராது, இன்றும் வராது. முன்வாசல் வழியாக வந்ததே கிடையாது. பின்பக்கமாக நுழைந்து, அடுப்பில் இருக்கிற சட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்து, “என்னம்மா, இன்னைக்கும் புளிக்கொழம்புதானா?” என்று அம்மாவிடம் குறைப்பட்டுக்கொள்வான். நான் வீட்டில் இருக்கிறேனா என்பதே அவனுக்குப் பொருட்டில்லை. சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவான்.

குற்றாலத்தில் சாரல் காலம் தொடங்கிவிட்டால் இரண்டு பேருக்கும் ஒரே சைக்கிள். தலையில் எண்ணெய் வழிய வழிய ஐந்தருவிக்கு மிதிப்போம். போகலாமா என்று அவனும் கேட்டதில்லை, வருகிறேன் என்று நானும் சொன்னதில்லை. சைக்கிள் மணி கேட்டால் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கவேண்டியதுதான்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அப்பா தவறியபோது நான் இங்கே இருந்தேன். டிக்கெட் கிடைத்து, விமானம் மாறி, திருவனந்தபுரத்தில் இறங்கினேன். வெளியே இசக்கி கார் வைத்துக்கொண்டு நின்றான். நான் இன்ன விமானத்தில் வருகிறேன் என்று அவனிடம் சொல்லவில்லை. யாரிடமோ விசாரித்து வந்திருக்கிறான். ஐஸ் பெட்டி சொல்லிவைத்தது, சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொன்னது, அம்மாவைப் பால் குடிக்கவைத்தது எல்லாம் அவன்தான் என்று பிறகு தெரிந்தது. செங்கோட்டை வரைக்கும் அவன் பேசியது இரண்டே வாக்கியம். “சாப்ட்டியாலே?” என்பது ஒன்று. “நீ வாரதுக்காவத்தான் வச்சிருக்கோம்” என்பது இன்னொன்று. அவனுக்கு நான் நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் காரிலிருந்து இறக்கிவிட்டிருப்பான்.

4

இங்கே வந்து எனக்குச் சிநேகிதர்களே இல்லை என்று சொன்னால் பொய். இருக்கிறார்கள். ஆனால் எல்லோருக்கும் ‘டெர்மின்’ வேண்டும். டெர்மின் என்றால் முன்பதிவு செய்த நேரம். பல் டாக்டருக்கு டெர்மின், முடிவெட்ட டெர்மின், ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையோடு விளையாட டெர்மின். கூட வேலை பார்க்கிற ஒருவரும் நானும் சேர்ந்து ஒரு மாலை நடக்கப் போகலாம் என்று பேசினோம். இருவரும் காலண்டரைத் திறந்து பார்த்ததில் ஐந்து வாரம் தள்ளி ஒரு புதன்கிழமை கிடைத்தது. அந்தப் புதன்கிழமை மழை பெய்தது. மறுபடி ஆறு வாரம். தப்பு சொல்லவில்லை. குறித்த நேரத்துக்கு வருவார்கள், வந்தால் முழு மனசோடு இருப்பார்கள். ஆனால் எனக்கு மனசு சரியில்லாமல் போவது காலண்டரைப் பார்த்து நடப்பதில்லை.

வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு படிவம் கொடுத்தார்கள். ஆபத்து அவசரம் என்றால் யாருக்குத் தகவல் சொல்லவேண்டும், இரண்டு பெயர் எழுதுக. முதல் வரியில் கவிதா. இரண்டாவது வரியில் யோசிக்காமல் இசக்கிமுத்து என்று எழுதி, தென்காசி நம்பரைப் போட்டேன். அலுவலகத்து அம்மா அதைப் படித்துவிட்டு, “இவர் இந்தியாவில் அல்லவா இருக்கிறார்? எப்படி வருவார்?” என்றார். “எப்படியாவது வந்துவிடுவான்” என்றேன். அவர் நல்ல மனுஷி, சிரிக்கவில்லை. பென்சிலால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, உள்ளூர் ஆள் ஒருவர் பெயரைப் பிறகு வந்து கொடுங்கள் என்றார். இன்றுவரை கொடுக்கவில்லை.

இவ்வளவு வக்கணையாகப் பேசுகிற நான்தான் இசக்கியை ‘ங்க’வுக்குத் தள்ளிய காரியத்தைச் செய்தேன்.

5

யாழினி கேட்ட அன்று, எப்போதிலிருந்து இந்த ‘ங்க’ என்று தேடிக்கொண்டு வாட்ஸ்அப்பில் பின்னால் பின்னால் போனேன். போன ஜூலையில் போய் நின்றது.

போன ஜூலையில் மூன்று வாரம் தென்காசியில் இருந்தேன். அதில் ஒரு வாரம் விடுமுறை இல்லை, அம்மா வீட்டிலிருந்தே வேலை. ஒருநாள் மதியம் பன்னிரண்டரை மணி, இங்கே காலை ஒன்பது. லேப்டாப்பில் ஏழு ஜெர்மன் முகங்கள். நான் ஏதோ அறிக்கையை விளக்கிக்கொண்டிருக்கிறேன். பின்வாசலில் பைக் நின்றது. “ஏலே சம்முவம்! அஞ்சருவில கூட்டமே இல்ல, தண்ணி நல்லா விழுது, கெளம்புலே!”

ஏழு முகமும் நிமிர்ந்தது. நான் மைக்கை அணைத்துவிட்டு, காதில் மாட்டியதைக் கழற்றாமல் அடுக்களைக்கு வந்தேன். இசக்கி கையில் ஒரு பை மங்குஸ்தான். சட்டி மூடி இன்னொரு கையில்.

“ஏலே, வாரதுக்கு முன்னாடி ஒரு மெசேஜ் போட்டுட்டு வரக்கூடாதா? மீட்டிங்ல இருக்கேம்லா” என்றேன்.

கோபமாகச் சொல்லவில்லை. இங்கே யாரிடமும் சொல்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னேன். அதுதான் தப்பு. கோபமாகத் திட்டியிருந்தால் அவனும் பதிலுக்குத் திட்டியிருப்பான், அங்கேயே முடிந்திருக்கும். அவன் சட்டியை மூடினான். பழத்தை மேடையில் வைத்தான். “சரி சரி, நீ பாரு” என்று போய்விட்டான்.

மறுநாள் அவனிடமிருந்து வாழ்க்கையில் முதன்முதலாக இப்படி ஒரு செய்தி வந்தது: “வணக்கம். இன்று மாலை வீட்டுக்கு வரலாமா? உங்களுக்கு வசதிப்படுமா?”

எழுத்துப் பிழைகூட இல்லை. தன் மகளிடம் எழுதச் சொல்லியிருப்பான். நான் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற படத்தை அனுப்பிவைத்தேன். அவன் முன்வாசல் வழியாக வந்தான். நாற்காலியில் உட்கார்ந்தான். அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனான். நடுப்படியான ‘வே’யில் ஒரு நாள்கூட நிற்காமல், ‘லே’யிலிருந்து நேராக ‘ங்க’வுக்குத் தாவிவிட்டான். எனக்கு உறைக்கவே இல்லை.

அதன்பிறகு எல்லாச் செய்தியும் அதே மாதிரிதான். “வணக்கம். பேச வசதிப்படுமா?” நானும் நேரம் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். கடைசியாக அப்படி வந்தது பிப்ரவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை. நான் எழுதியிருந்த பதில் இது: “இந்த வாரம் நேரம் கொஞ்சம் இறுக்கம், சனிக்கிழமையும் முடியாது. ஞாயிறு எனக்குப் பதினொரு மணி, உனக்கு மூன்றரை. ஓகேயா?” அவன் “நல்லது” என்று எழுதியிருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சரியாகப் பதினொரு மணிக்கு அழைத்ததும் ஞாபகத்துக்கு வந்தது. அவன் குரல் உள்ளே போயிருந்தது. “என்னலே, மத்தியானத் தூக்கமா?” என்று கேட்டேன். “ஆமாங்க, படுத்துத்தான் கெடக்கேன்” என்றான். என்ன விஷயம் என்றதற்கு, “ஒண்ணுமில்லங்க, உங்க சௌகரியம் கேக்கத்தான்” என்றான்.

ஏதோ இடித்தது. அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“இன்னுமா ஒனக்குத் தெரியாது?” என்றாள் அம்மா. “அவனுக்கு நெஞ்சுல அடைப்புன்னு திருநவேலில சேத்து ஸ்டென்ட் வச்சாவ. மாசம் ஒண்ணாச்சு. ஒங்கிட்ட சொல்லக்கூடாதுன்னுட்டான். அவரு வேலையா இருப்பாரும்மான்னு சொன்னான். அவருங்கானேன்னு எனக்கே ஒரு மாதிரியா இருந்துச்சு. ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டியளோன்னு நெனச்சேன்.”

செவ்வாய்க்கிழமை ஆஞ்சியோ எடுத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஸ்டென்ட். ஞாயிற்றுக்கிழமை அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நான் கொடுத்த டெர்மினுக்குக் காத்திருந்திருக்கிறான்.

6

அப்போதே அழைத்தேன். மெசேஜ் போடவில்லை.

“சொல்லுங்க” என்றான்.

“ஏலே, ஆஸ்பத்திரில கெடந்தியாமே. எங்கிட்ட ஏம்லே சொல்லல?”

கடையில் ஏதோ மோட்டார் ஓட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது, நின்றது.

“சொல்லத்தான் நெனச்சேன். நீங்க ஞாயித்துக்கெழமன்னிய. எனக்குச் செவ்வாக்கெழமதான் பயமா இருந்துச்சு. ஞாயித்துக்கெழமைக்குள்ள எல்லாம் முடிஞ்சிட்டு.”

குத்திக்காட்டுகிற குரலே இல்லை. மழை பெய்தது, நின்றது என்று சொல்வதுபோல் சொன்னான். எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிச்சுக்கோ என்றேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

“ஐய, அதெல்லாம் எதுக்குங்க. அங்கன உங்களுக்கு அதுதான் பழக்கம். நான்தான் தெரியாம வந்து நின்னுட்டேன்” என்றான் இசக்கி.

நான் மன்னிப்புக் கேட்கக் கேட்க அவன் இன்னும் மரியாதையாகிக்கொண்டே போனான். கடைசியில் போனை வைக்கும்போது “நன்றி” என்றுகூடச் சொல்லிவிட்டான். அவன் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. சமையலறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கவிதாதான் சொன்னாள். “மன்னிப்பு கேட்டுக் கேட்டு அவரை மேனேஜர் ஆக்கிட்டிருக்கீங்க. அவரைத் தொந்தரவு பண்ணுங்க. நேரம் காலம் இல்லாமப் பண்ணுங்க.”

மறுநாளிலிருந்து ஆரம்பித்தேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது அழைப்பேன். கடையில் வெண்டைக்காய் முற்றலா பிஞ்சா என்று பார்க்கும்போது அழைப்பேன். விஷயம் ஒன்றும் இருக்காது. முதல் வாரம் அவன் பயந்துபோய், “என்னங்க, யாருக்கும் எதுவுமா?” என்று கேட்டான். இரண்டாவது வாரம் எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் கடகடவென்று சத்தம் போட்டது. போனை மெஷின் பக்கத்தில் பிடித்து, “இது என்னலே சத்தம்?” என்றேன்.

“இன்னொரு தரம் ஓட்டுங்க” என்றான். ஓட்டினேன். “பேரிங் போச்சு. பெல்ட்டைக் கழத்திட்டு டிரம்மைக் கையால சுத்திப் பாருங்க.”

அரைமணி நேரம் நான் தரையில் படுத்துக்கொண்டு ஸ்குரூ கழற்ற, அவன் தென்காசியிலிருந்து விரட்டு விரட்டு என்று விரட்டினான். “அது இல்லங்க, அதுக்குக் கீழ உள்ளது. ஐயோ, அதைத் தொடாதிய!” ‘ங்க’ போட்டே ஒரு மனிதனைத் திட்ட முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். இன்னொரு நாள் பாதிப் பேச்சில், “யாவாரம் வந்திருக்கு, வைக்கேன்” என்று பட்டென்று வைத்துவிட்டான். இங்கே ஒரு போனை முடிக்க நான்கு முறை ‘போய் வருகிறேன்’ சொல்லவேண்டும். முகத்தில் அடித்தமாதிரி அவன் வைத்ததில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஆனால் அவனாக ஒரு தடவையும் அழைக்கவில்லை. நான் அழைத்தால் பேசுவான், அவ்வளவுதான். ஏப்ரல் போனது, மே போனது. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால், “அது பாட்டுக்கு இருக்குங்க” என்பதோடு முடித்துக்கொள்வான். அவன் தேறிவிட்டான் என்று அம்மா சொன்னாள். நம்பினேன். ஆனால் அவனுக்கு மறுபடி ஒன்று என்றால் என்னிடம் சொல்லமாட்டான் என்ற நினைப்பு என்னை விடவே இல்லை. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது என்று அம்மா சொன்ன அன்று ஜன்னல் ஓரமாகவே நின்றுகொண்டிருந்தேன். ஒரு சைக்கிள் மணிக்காக நாற்பத்தேழு வயது ஆள் இப்படி ஏங்குவான் என்று யாராவது சொன்னால் நானே நம்பியிருக்கமாட்டேன்.

7

போன வியாழக்கிழமை வெளிநாட்டவர் அலுவலகத்தில் எனக்கு டெர்மின். புதுப் பாஸ்போர்ட் எடுத்தால் குடியிருப்பு அட்டையையும் மாற்றவேண்டும். அதற்கு நான்கு மாதம் காத்திருந்து கிடைத்த நேரம், காலை ஒன்பது இருபது. தவறவிட்டால் முதலிலிருந்து மறுபடி வரிசை. புகைப்படம், சம்பளச் சீட்டு, வீட்டு ஒப்பந்தம், அவற்றின் நகல், நகலின் நகல் எல்லாம் கோப்பில் அடுக்கி, ஒன்பது மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். என் எண் ஏ 47. சுவரில் இருந்த பலகை ஏ 45 என்றது.

ஏ 46 வந்தபோது போன் அதிர்ந்தது. இசக்கி. அதற்கு முன்னால் மெசேஜ் எதுவும் வரவில்லை. இரண்டு தடவை பார்த்தேன், வரவில்லை.

எடுத்தேன்.

“ஏலே சம்முவம்” என்றான்.

நான் பதில் சொல்ல அவன் காத்திருக்கவில்லை.

“நேத்து டாக்டர்ட்டக் காட்டப் போனேம்லே. இன்னொரு எடத்துல அடைச்சிருக்காம். திரும்பவும் வைக்கணுங்காவ. வீட்டுல இன்னும் சொல்லல. கடையத் தொறந்து வச்சிட்டு ஒரு வேலையும் ஓடாம உக்காந்திருக்கேன்.” மூச்சை இழுத்துக்கொண்டான். “எனக்குப் பயமா கெடக்குலே.”

பலகையில் மணி அடித்தது. ஏ 47, அறை எண் மூன்று. அறைக் கதவு திறந்து ஓர் அம்மா எட்டிப் பார்த்து, என் பெயரை அவர்களுக்கு வருகிறமாதிரி உடைத்து உடைத்துக் கூப்பிட்டார். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் யார் அது என்று திரும்பிப் பார்த்தார்கள்.

“யாரோ கூப்பிடுதாவ போலயே” என்றான் இசக்கி. “வேலையா இருக்கியோ?”

நான் எழுந்து, கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாசற்கதவைத் தள்ளி வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன்.

“இல்லலே, சும்மாதான் இருக்கேன். நீ சொல்லு.”